கிளிப் செருகிய பக்கம்

தலையில் குத்தும் சாதாரணக் கறுப்புக் கிளிப். அதைத் தடித்த நாவலொன்றின் முக்கால்வாசியில் செருகி, புத்தகத்தை மடியில் வைத்தபடி மச்சாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மச்சாள் என் கணவரின் தமக்கை. சுவிட்சர்லாந்தில், வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். புத்தகத்தோடு சண்டை பிடிக்கிற ஆளென்று நான் கண்டது அவரை மட்டும்தான். பிடிக்காத பாத்திரத்தை பஸ்ஸில் வைத்தே திட்டுவார், பக்கத்தில் இருக்கிற சுவிஸ்காரர் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் வாசகர் வட்டம் தேவாலய மண்டபமொன்றில் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். ஒருமுறை பெரிய நாவல், மறுமுறை பழைய கறுப்பு வெள்ளைப் படம். நடத்தியவர் ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர். கடைசிப் பக்கம்வரை வாசித்தவர்தான் கதைக்கலாம் என்பது அவர் போட்ட விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஷிப்ட் வேலை, சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடும் எங்களில் யாரால் அந்தப் பெரிய புத்தகங்களை ஒரு மாதத்தில் முடிக்க முடியும்? ஆண்கள் இலக்கியம் பேசினார்கள். நாங்கள் தேத்தண்ணீர் ஊற்றினோம். சேர்ந்த நாளிலிருந்து நான் அங்கே வாய் திறந்ததில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது, பற்றிக்கொண்டு வரும்.

அன்றைய நாவலில் ஒரு பெண், அடிக்கிற புருஷனை விட்டு ஆற்றைக் கடந்து போகிறாள். மாஸ்டர் அறிமுக உரையிலேயே முடிவையும் சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்து அவன் காலடியில் உயிரை விடுகிறாளாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. மச்சாள் எழுந்தார். வாசித்து முடித்தாச்சா என்று மாஸ்டர் கேட்டார்.

"இல்லை மாஸ்டர். இனி முடிக்கவும் மாட்டன்."

மச்சாள் கிளிப் இருந்த பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"இந்த இடத்திலை அவ அக்கரையிலை நிக்கிறா. மிச்சத்தை வாசிச்சால் நானும் சேர்ந்து அவவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனமாதிரி. அதுக்கு வேறை ஆளைப் பாருங்கோ."

விதி விதிதான் என்றார் மாஸ்டர். கதிரையில் இருக்கச் சொன்னார். மச்சாள் இருக்கவில்லை. நான் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கேத்தலை மேசையில் வைத்துவிட்டு, நானும் பாதிதான் வாசித்தேன், எனக்கும் கதைக்க இருக்கிறது என்றேன். கதைத்தேன். அன்று தேத்தண்ணீர் ஆறிப்போனது, ஊற்ற ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த மாதம் படம். கதாநாயகன் மழையில் நடந்துகொண்டே இருக்கும் படம், உலகமே கொண்டாடுகிறதாம். எனக்கு அலுத்துப்போனது. அலுத்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மச்சாளோ அந்தப் படத்துக்கு அழுதிருந்தார், எனக்கு ரசனையே இல்லை என்று வீடு வரும்வரை ஏசினார். அந்த ஏச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் அந்த விதியைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார், எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னதேயில்லை.

மச்சாள் காலமாகி ஒரு வருடமாகிறது. வட்டம் நினைவுக் கூட்டம் வைக்கிறது. போன கிழமை மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார். வயதில் குரல் மெலிந்திருந்தது. அந்த நாவலைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம். அவவுக்காகவாவது கடைசி அத்தியாயத்தை வாசித்துவிட்டு வரச் சொன்னார். அன்பாகத்தான் கேட்டார்.

"அவவுக்காகத்தான் மாஸ்டர், வாசிக்க மாட்டன்."

சரி, வந்து கதையுங்கோ என்றார்.

மச்சாளின் புத்தகம் இப்போது என் மடியில் இருக்கிறது. கிளிப்பில் துரு ஏறி, தாளிலும் பழுப்பாகப் பிடித்துவிட்டது. நான் அதை அசைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இப்படியே கொண்டுபோவேன்.