தென்காசிச் சம்பளத்தில் வாழ்ந்து பார்த்தது

என் கணவர் துபாயில் ஒரு கிடங்கில் சரக்குப் பார்க்கும் வேலையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் விடுப்பு. எங்கள் மகளுக்கு நான்கு வயதானபோது வந்திருந்தவர், கிளம்புவதற்கு ஐந்து நாள் இருக்கையில், "நான் இங்கனயே இருந்துரலாமா?" என்று கேட்டார். உடனே அவரே, "இங்கன தாற சம்பளத்துல நீங்க ரெண்டு பேரும் எப்படி இருப்பிய?" என்றும் சொன்னார்.

எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போனவர்களில் இதைக் கேட்காத ஆண் இல்லை. அனுப்புகிற பணத்துக்குத் தக்கபடி வீடு பழகிவிடுகிறது. பழகிய வீட்டைத் தாங்க அவர்கள் அங்கேயே இருக்கவேண்டியதாகிறது.

நான் எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிறவள். நூலகத்தில் எடுத்த புத்தகம், சாரல் தொடங்கிய நாள், மகளின் முதல் பல் விழுந்த நாள், எல்லாம் என் நோட்டில் இருக்கும். அவர் விமானம் ஏறிய மறுநாள், தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கிடங்கு ஆளுக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டேன். அதுவே இனி எங்கள் வீட்டுச் சம்பளம் என்று இருவரும் போனில் பேசி முடிவுசெய்தோம். அவர் அனுப்புவதில் அதை மட்டும் எடுப்பேன். மிச்சம் வங்கியில் கிடக்கும். அந்தச் சம்பளத்தில் வாழ முடிந்தால் அவர் திரும்பி வந்துவிடலாம். வெளியே சொல்லவில்லை. சொன்னால் கைமாற்றுக் கேட்பார்கள்; தோற்றால் சிரிப்பார்கள்.

கறி மாதம் இரண்டு நாள் ஆயிற்று. பெருநாளைக்கு மகளுக்கு மட்டும் புதுத்துணி. அவருடைய அக்கா அடுத்த தெருவில் இருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் நேரே அடுப்படிக்குள் வந்து சட்டி மூடியைத் திறந்தார்.

"இன்னைக்கும் பருப்புதானா? எந்தம்பி அங்கன வெயில்ல வேகுதான். நீ அவன் பணத்த யாருக்குட்டி சேத்து வைக்கே? உங்க உம்மா வீட்டுக்கா?"

"எங்க உம்மா வீட்டுலயும் இன்னைக்குப் பருப்புதான் மைனி."

"கொழுப்பு பூரா வாயிலதான் இருக்கு. கொழம்புல ஒண்ணையும் காணோம்."

இருபத்து நான்கு மாதமும் வரம்பைத் தாண்டாமல் நின்றேன். அவர் ஆனி மாதம், சாரல் நேரத்தில் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் சொந்தங்களையெல்லாம் வேனில் ஏற்றி, பிரியாணிச் சட்டியோடு குற்றாலம் கூட்டிப்போவது எங்கள் தெரு வழக்கம். நாங்கள் மூவரும் டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். மைனி தெருமுனையில் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஓசி பஸ்ல போய்க் குளிக்கவா ஏரோப்ளேன்ல வந்தே?"

"ஏரோப்ளேன் ஐந்தருவிக்குப் போகாதுல்லாக்கா."

அந்தக் கலகலப்பு பதினெட்டு நாள்தான். பத்தொன்பதாம் நாள் காலையில் அந்த மாதச் சம்பளம் தீர்ந்திருந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. அவருடைய சாப்பாடு, டீ, இரவல் பைக்குக்குப் பெட்ரோல், பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம். ஆண் ஊரில் இருக்கும்போது தலைகாட்டாமல் இருக்க முடியாத கல்யாண வீடுகள் வேறு. இரண்டு வருடமும் நான் வாழ்ந்து பார்த்தது அவர் இல்லாத வீட்டை. யாரை வரவழைக்க இத்தனையும் செய்தேனோ, அவரை ஓர் ஆளாகவே எண்ணவில்லை.

சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

"அப்போ நான் வந்தா வீடு நடக்காதுன்னு சொல்லுத."

"நடக்கும். உங்கள எண்ணாம விட்டுட்டேன்."

அவர் என் நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு, "மாசாமாசம் நானுந்தான போன்ல கணக்குக் கேட்டேன். எனக்கே தோணலியே. நான் இங்கன உள்ள ஆளுங்கிறது எனக்கே மறந்துபோச்சு போல" என்றார்.

திரும்பிப் போனார். சம்பளத் தொகையை நான் உயர்த்தவில்லை. அவருக்கு ஆகக்கூடியதை முதல் தேதியே தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியில் நானும் மகளும் இருந்தோம். அந்த இரண்டு வருடம் நிஜமாகவே கடினம். மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள், வேண்டாம் என்றேன். வங்கியில் பணம் இருந்தது. அவளை அனுப்பியிருக்கலாம். அன்றைய தேதியை மட்டும் எழுதி, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அடுத்த முறை அவர் விசாவை முடித்துக்கொண்டு வந்தார். இப்போது தென்காசியிலேயே வேலை. பதினான்கு மாதம் ஆகிறது. பதினொரு மாதம் சம்பளத்துக்குள் நின்றோம். மூன்று மாதம் முடியவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மாதம்தான் முதலாவது. சேர்த்துவைத்த பணத்தை எடுக்க வங்கிக்குப் போனோம். படிவத்தை நிரப்பிவிட்டேன், கையெழுத்துப் போட மனம் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது.

"போடுட்டி. இதுக்குத்தான கெடக்கு" என்றார், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு.

போட்டேன். சாயந்திரம் மகளுக்குக் கஞ்சி வாங்கிவர அவரே போனார்.