டிஎன் வண்டிக்கு மட்டும் டோக்கன்

என் ஸ்கூட்டர் ரிப்பேர். விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் தங்கையின் வண்டியில் இன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன்.

வாசலில் விசிலும் கையுமாக நின்றவர் டோக்கனைக் கிழித்து நீட்டினார். "இருவது ரூபா குடுக்கா."

"போன வாரம் வண்டிய சும்மாதானே உட்டுட்டுப் போனேன்?"

"அது பிஒய் வண்டியா இருக்கும். டிஎன் நம்பருக்கு மட்டும்தான் காசு."

நான் இதே புதுச்சேரியில் அரியாங்குப்பத்துக்காரி. சொந்த ஊரிலேயே என்னை டூரிஸ்ட் ஆக்கிவிட்டார்!

டோக்கனைத் திருப்பிப் பார்த்தேன். கடைப் பெயரும் இல்லை, சீலும் இல்லை. விடுவேனா? நேரே உள்ளே போய் மேனேஜரைப் பிடித்தேன்.

"அது முதலாளி ஏற்பாடு மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப அவருக்கே போன் போடுங்க."

அரைமனதாகப் போட்டார். எதிர்முனையில் முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. "நான் எங்கய்யா ஆள் வெச்சேன்? நீ வெச்ச ஆளுன்னுல்ல நெனைச்சிட்டு இருக்கேன்!"

மேனேஜர் முகம் செத்துப்போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அதே டோக்கன்.

"நான் திண்டிவனம் மேடம், என்னுதும் டிஎன் வண்டி. தெனம் குடுத்துட்டுதான் உள்ளயே வர்றேன்."

இருவரும் வெளியே வந்தோம். விசில்காரர் மேனேஜரைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். இவர் கையும் பழக்கதோஷத்தில் பதிலுக்கு உயர்ந்துவிட்டது.

நான் காசு தராமல் வந்துவிட்டேன். உங்கள் கடை வாசலில் விசில் ஊதுகிறவரை வேலைக்கு வைத்தது யாரென்று, நீங்களாவது கேட்டிருக்கிறீர்களா?