கேட்டால் திரும்பிவிடும் அரசப்பன்

மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து அரசப்பன் திண்டிவனத்துக் கல் குவாரிக்கு வந்தது தொண்ணூற்றாறில். படகு புயலில் போய்விட்டது. பெண்டாட்டி வடிவும் கைக்குழந்தை பவானியும் ஒரு மூட்டைக் கருவாடும் கூட வந்தார்கள். எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீட்டைக் குவாரி கொடுத்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. கருவாட்டு நாற்றத்தை ஒரு வாரத்தில் மன்னித்துவிட்டோம். அடுத்த வாரம் வாங்கித் தின்னவும் தொடங்கிவிட்டோம்.

ஆனால் ஆளிடம் ஒரு கிறுக்கு இருந்தது. கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாதாம். கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டுமாம். குவாரியில் ஏதய்யா கடல் என்றால், பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறதே என்பான்.

எங்கள் லைனிலோ அந்தக் கேள்விதான் வணக்கம். முதல் வீட்டுக் கோவிந்தம்மாள் வாசலில் கேப்பைக் கூழோடு உட்கார்ந்து போகிற வருகிற எல்லோரையும் கேட்பாள். ஆட்டைக்கூடக் கேட்பாள். அவளைத் தாண்டாமல் ரோட்டுக்கு ஏற முடியாது.

"இன்னா அரசப்பா, எங்க கெளம்பிட்ட?"

உடனே திரும்பிவிடுவான். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், அவன் இடத்தில் வேறொருவன் கல் உடைத்துக்கொண்டிருப்பான். மேஸ்திரி தாண்டவராயன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "இன்னொரு நாளு லேட்டா வந்தீன்னா, வீட்டக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு" என்று சொல்லிவிட்டார்.

வடிவு பயந்துபோய்க் கோவிந்தம்மாளிடம் ஓடினாள். "யக்கா, அவரு போறப்ப மட்டும் ஒண்ணும் கேக்காதீங்கக்கா. வேலயே போயிடும்."

கோவிந்தம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "நான் வாயத் தொறந்தா ஒங்க பொழப்பு போயிடுதா? சரி, இனிமே பேசல."

பேசவேயில்லை. அவள் பேசாவிட்டால் லைனில் வேறு யார் பேசுவார்கள்? மறுநாள் அரசப்பனைக் கண்டதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு துண்டை வாயில் கவ்விக்கொண்டார். அரசப்பன் நேரத்துக்கு வேலைக்குப் போனான். மேஸ்திரிக்குச் சந்தோஷம். அரசப்பனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. வந்த ஊரில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். பாவமாக இருந்தது.

ஒரு நாள் விடிகிற நேரத்திலேயே அவள் வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, எங்க போறன்னு கேளுக்கா."

"கேட்டா திரும்பிப் போயிடுவியே."

"போய்ட்டு வர்றேன். அதுக்குத்தான் ஜல்தியா கெளம்பி வந்தேன். கேளு."

கேட்டாள். திரும்பிப் போனான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், வந்தான். இரண்டாம் முறை அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, கேள்வியை அடக்கவா, தெரியாது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. மேஸ்திரி மாறினார், பவானி பத்தாவது முடித்தாள், கூத்து மட்டும் நிற்கவில்லை. அவனைக் கேட்பது கோவிந்தம்மாளின் பாத்தியதை என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு நாள் கோவிந்தம்மாள் தன் மகளைப் பார்க்கக் கோலியனூர் போயிருந்தாள். அரசப்பன் மெதுவாக லைன் முழுக்க நடந்தான். பூட்டிய முதல் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றான். ரோடுவரை போனவன் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

வடிவு சொம்பை நீட்டினாள். "யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. எப்பிடிப் போறது?"