மைனஸ் செய்த மல்லிகை ஐஸ்கிரீம்

என் தம்பியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைனஸ் என்றால்தான் தெரியும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, "மைனஸ் பதினெட்டு இருக்கணும், மைனஸ் பதினொண்ணுதான் இருக்கு" என்று பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவான். அதனால் வந்த பெயர். சின்ன வயதிலேயே அப்படித்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் வாயிலிருந்த தெர்மாமீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாலில் விட்டுப் பார்த்த ஆள். அன்றைக்கு வாங்கிய அறை அவனுக்கு ஞாபகமில்லையாம். எனக்கு இருக்கிறது.

நான் அவனுக்கு மூத்தவள், தையல்காரி. இரண்டு பேருக்கும் ஒரே கடைதான். நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் என் மெஷின். அந்தப் பக்கம் வயிற்றைத் திறந்து போட்ட ஃப்ரிட்ஜுகள், செம்புக் குழாய்கள், கருகிப்போன கம்ப்ரஸர்கள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னக்கா, ஒரு மாதிரி வாடை வருது?" என்பார்கள். "வாடையா? எங்க?" என்று கேட்பேன். நடிப்பில்லை, சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. பதினாறு வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்தவளுக்கு என்ன தெரியும்?

தம்பி பெண்டாட்டி சோப்புத் தொழிற்சாலையில் வாசனைப் பிரிவில் இருக்கிறாள். வந்திறங்குகிற ஒவ்வொரு வாசனை எண்ணெயையும் அவள் மோந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அங்கே மெஷின் ஓடும். அவளை இவன் பார்த்ததே அந்தத் தொழிற்சாலையின் குளிர் அறையில்தான். எங்கேயோ குளிரூட்டுகிற கேஸ் கசிகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். இவன் காலையிலிருந்து தரையில் படுத்துப் புரண்டு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது. ஆனால் அதோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் துளித்துளியாக வெளியே வருமாம். கையில் பாட்டிலோடு உள்ளே வந்த பெண் ஒரு மூலையைக் காட்டி, "இங்க எண்ணெய் வாடை வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சோப்பு நுரையைத் தடவினான். கசிகிற குழாய் இணைப்பில் நுரை முட்டை முட்டையாகக் கிளம்பியது. வீட்டுக்கு வந்து, "விழுந்துட்டேன்கா" என்றான். ஏணியிலிருந்து என்று நினைத்து நான் தைலம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அப்பேர்ப்பட்ட மூக்கு, ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல் போனது, வாசனை திரும்பவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகைமூட்டம், அவள் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். டாக்டர், வரலாம், வராமலும் போகலாம், தெரிந்த வாசனைகளைத் தினமும் மோந்து பழகு என்றார். தொழிற்சாலையில் மூன்று மாதம் லீவு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டு பாட்டில் வைப்பார்கள். எட்டையாவது சரியாகச் சொன்னால் பழைய இடம். இல்லையென்றால் பேக்கிங் பிரிவு.

"பேக்கிங்ல நிக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல அண்ணி," என்றாள் ஒருநாள். "ஆனா இந்த மூக்கு இல்லாம நான் யாரு?"

கோர்த்த ஊசியையே இன்னொரு தடவை கோர்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டிலை மோந்து பார்க்கச் சொன்னால் அவளுக்கு அழுகை வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போவதை யார்தான் தாங்குவார்கள்? மைனஸ் இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் திரையை விலக்கித் தலையை நீட்டினான்.

"அக்கா, மோந்து பாருன்னாதானே அழறா? தின்னுன்னா?"

"என்னத்தடா திங்கிறது?"

"ஐஸ்கிரீம்."

காய்ச்சலிலேயே ஐஸ்கிரீம் கேட்டவள் அவள். வீட்டுக்குப் பின்னால் அவள் கையால் வைத்த தோட்டம் இருக்கிறது. புதினா, எலுமிச்சைப் புல், ரோஜா, மல்லிகை, செவ்வந்தி. ஒவ்வொன்றாக ஐஸ்கிரீமில் போட்டுக் கொடுப்பது, எது தெரிகிறது என்று நோட்டில் எழுதுவது. கெட்டுப்போன ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக்கொண்டே போவான் இல்லையா, அதே கணக்கு. "வேலியில அரளிகூடத்தான் பூத்திருக்கு, அதையும் போட்டு மொத்தமா முடிச்சிடேன்" என்றேன். காதில் வாங்கினால்தானே.

கடைய மெஷின் வேண்டுமே. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை ஒரு வாளிமேல் கவிழ்த்துக் கட்டினான். சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், ரோஜா போட்ட பால் முழுக்கக் கூரைக்குப் போனது. மறுநாள் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டை ஒன்று இளஞ்சிவப்பாகிவிட்டது. நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். இவனோ கூரையை அண்ணாந்து பார்த்து, "வேகத்தைக் குறைக்கணும்" என்று நோட்டில் எழுதினான்.

வேகம் குறைந்தது, ஐஸ்கிரீமும் வந்தது. முதல் டப்பா பூ எதுவும் போடாத சோதனை டப்பா. பூவைப் பாலில் போட்டு நன்றாகக் கொதிக்க வைப்பான். பச்சையாகப் போட்டால் வயிற்றுக்கு ஆகாது என்று அவனாக ஒரு சட்டம். வடிகட்டி, சர்க்கரையும் கிரீமும் சேர்த்துக் கடைந்து, உறைய வைத்து, டப்பாவில் லேபிள் ஒட்டுவான். சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று கிண்ணம்.

நான் முதல் வாயிலேயே, "ஆஹா, ரோஜாத் தோட்டத்துக்குள்ளயே போய் உக்காந்த மாதிரி இருக்குடா" என்பேன். அவனும் கண்ணை மூடித் தலையாட்டுவான். அவள் மட்டும் கரண்டியை நக்கிவிட்டு, "ஜில்லுன்னு இருக்கு. இனிப்பா இருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்பாள். ரோஜாவுக்கும் அதேதான், மல்லிகைக்கும் அதேதான்.

புதினா அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரியுது!" என்றாள். மைனஸ் பாய்ந்து நோட்டை எடுத்தான். அதற்குள் அவள் முகம் விழுந்துவிட்டது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"மூக்கைப் பிடிச்சாலும் அப்படியேதான் இருக்கு. இது நாக்குல ஏறுற குளிர்ச்சி, வாசனை இல்ல. எழுதினதை அடிச்சிடுங்க."

அடித்தான். அப்படி ஒரு நியாயஸ்தி அவள். இல்லாததை இருக்கிறது என்று தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

பாட்டில் சோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், நான் வழக்கம்போல "மல்லிகை என்னமா தூக்குது!" என்றேன். டங்கென்று கரண்டியை வைத்தாள்.

"அண்ணி, எதை வச்சுச் சொல்றீங்க? மூக்கை வச்சா, டப்பாவை வச்சா?"

"இது என்ன கேள்வி? என் மூக்குக்கு என்ன கேடு?"

கேட்டிருக்கக் கூடாது. அந்த வீட்டில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவள் கோபப்படவில்லை. என்னமோ யோசித்தபடி எழுந்துபோய் எல்லா டப்பாக்களையும் எடுத்துவந்தாள். தொழிற்சாலையில் பாட்டிலுக்கு நம்பர் மட்டும்தானாம், பெயரே இருக்காதாம். பெயரைப் படித்துவிட்டு மோந்தால் மூக்கும் கூடச் சேர்ந்து பொய் சொல்லுமாம். என் பையிலிருந்த வெட்டுத் துணியை எடுத்து எங்கள் இரண்டு பேர் கண்ணையும் கட்டினாள். ஒவ்வொரு கரண்டியாக ஊட்டிவிட்டாள்.

புதினாவைச் சொல்லிவிட்டோம், எலுமிச்சைப் புல்லையும் சொல்லிவிட்டோம். பூ வந்ததும் தடுமாற்றம். ரோஜாவை நான் மல்லிகை என்றேன், மல்லிகையை அவன் செவ்வந்தி என்றான். கடைசிக் கரண்டிக்கு இரண்டு பேரும் ஒரே குரலில் "ரோஜா!" என்றோம். "சந்தேகமே இல்ல" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

கட்டை அவிழ்த்தாள். கடைசியாகக் கொடுத்தது பூவே போடாத வெறும் ஐஸ்கிரீம்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் மூக்குடைந்தது. இத்தனை வாரமாக லேபிளைத் தின்றுவிட்டு ஆஹா, ஓஹோ என்றிருக்கிறோம். கொதிக்கிற பாலில் பூவின் வாசனை எப்போதோ ஆவியாகிக் கூரைக்குப் போய்விட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் வாய்ஜாலத்தைக் கேட்டுக் கேட்டு, எல்லாருக்கும் தெரிவது தனக்கு மட்டும் தெரியவில்லை என்று அந்தப் பெண் தினம் தினம் மனசுக்குள் செத்திருக்கிறாளே!

அவளோ முதல் தடவையாகச் சிரித்தாள். "பூவுல ஒண்ணுமே இல்ல. இல்லாததைத்தான் நான் இல்லன்னு சொல்லியிருக்கேன்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஆனா புல் உங்களுக்குத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியல. அது என் மூக்கோட கோளாறுதான்."

மைனஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வேற எப்படித்தான் எடுக்கிறது?" என்றான் பாவமாக.

"சூடு பண்ணாம எடுக்கணும். கொழுப்புப் பக்கத்துல எதை வச்சாலும் அதோட வாசனையை இழுத்துக்கும். கிரீமும் கொழுப்புதானே?"

அவள் சொல்லச் சொல்ல இவன் எழுதினான். அகலத் தட்டில் கிரீமை ஊற்று. மேலே மெல்லிய துணி கட்டி அதில் மல்லிகையைப் பரப்பு. குளிரில் வை. காலையும் மாலையும் பூவை மாற்று. மூன்று நாள். வீட்டு ஃப்ரிட்ஜ் ஆகாது, வெங்காயமும் மீனும் இருக்கிற இடம். கடையில் இவன் சரிசெய்து வைத்திருந்த ஃப்ரீசர் ஒன்று காலியாக இருந்தது. கருகின கம்ப்ரஸரைக் கழற்றிப் புதுசு போட்டிருந்தான். அதை மூன்று தடவை கழுவி, குளிரைக் குறைத்து வைத்தான். தட்டு அதற்குள் போயிற்று. அந்த மூன்று நாளும் பூ மாற்றியது நான்தான். தையல் போனால் போகிறது என்று விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கடைந்து எடுத்துப் போனோம். மறுநாள் பாட்டில். முதலில் எங்கள் இருவருக்கும் அவளே கண்ணைக் கட்டி, எது எது என்று சொல்லாமல் வெறும் ஐஸ்கிரீமில் ஒரு கரண்டியும் இதில் ஒரு கரண்டியும் ஊட்டினாள். இரண்டாவது கரண்டியை வாயில் வைத்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. மல்லிகை! இந்தத் தடவை டப்பாவும் இல்லை, லேபிளும் இல்லை. "சத்தியமா மல்லிகை" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி. முகத்தைச் சுளித்தாள்.

"என்ன?" என்றான் மைனஸ்.

"இதுல எண்ணெய் வாடை வருது."

"எண்ணெயா? என்ன எண்ணெய்?"

"கம்ப்ரஸர் எண்ணெய்."

அவனுக்கு வந்ததே கோபம். "மூணு தடவை கழுவியிருக்கேன்! புதுக் கம்ப்ரஸர்! என் வேலையில வந்து குறை சொல்றியா?" எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு நாளா நான் பறிச்ச பூவுக்கு இதுதான் மரியாதையா? எங்க ரெண்டு பேருக்கும் வராத வாடை உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்று நானும் குதித்தேன்.

குதித்து முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கடையைப் பார்க்க நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஃப்ரீசர் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். இந்த மூலை, அந்த மூலை, மறுபடியும் இந்த மூலை. குழாய் வளைகிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க."

நானும் குனிந்து மோந்து பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. மைனஸ் சோப்பு நுரை எடுத்துவந்தான். தடவிவிட்டுக் காத்திருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கடுகளவுக்கு ஒரு முட்டை கிளம்பியது. அது உடைந்ததும் இன்னொன்று.

மைனஸ் அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"மல்லிகை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரீசருக்குள் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். "இருக்கு அண்ணி. ரொம்ப தூரத்துல. ஆனா இருக்கு."

மறுநாள் பன்னிரண்டு பாட்டிலில் ஒன்பது. பழைய இடமே கிடைத்துவிட்டது. சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன், மைனஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, எப்படி அண்ணி இத்தனை வருஷமா இந்த நாத்தத்துல உக்காந்திருக்கீங்க?"

என்னை ஒருத்தி இப்படிக் கேவலப்படுத்தி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. "இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.