கரடி என்று எழுதிய லீவ் லெட்டர்

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் கேம்ப்புக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றாலும், ஒருவன் வாயில் வருவதை அப்படியே தாளில் இறக்கிவிட வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதத்தால் ஒரு வெல்டரைக் கவிழ்த்துவிட்டேன்.

அவனுக்குத் தென்காசிப் பக்கம், மலையடிவாரம். ஒரு வெள்ளிக்கிழமை ரோலா கடைத்தெருவில் ஊருக்குப் போன் பேசிவிட்டு வந்தவன் கட்டிலில் சரிந்து உட்கார்ந்தான். எலுமிச்சைத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பாவைக் கரடி முகத்தில் அறைந்துவிட்டது.

"முன்னால கரடி இறங்குனா வெடி போடுவோம், அண்ணாச்சி. மிஞ்சுனா ஊர்ல ரெண்டு துப்பாக்கி இருந்துச்சு. இப்ப துப்பாக்கியப் பிடுங்கிட்டானுவ, வெடி போட்டாலும் கேஸுங்கானுவ. கரடி நம்மளத் தொட்டா மனு, நாம கரடியத் தொட்டா ஜெயிலு."

அப்படியே எழுதினேன்: என் தந்தையைக் கரடி தாக்கிவிட்டது, அவசர விடுப்பு வேண்டும்.

மதுரைக்காரப் போர்மேன் கையெழுத்துப் போட்டால்தான் லெட்டர் ஆபீஸுக்குப் போகும். படித்துவிட்டுச் சிரித்தார். "போன மாசம் ஒருத்தன் ஒரே பாட்டிய ரெண்டாந்தடவ சாகடிச்சான். நீ நேராவே கரடி விடுறியேப்பா!"

"நான் விடல சார். அதுவா வந்துச்சு."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. ஃபாரஸ்ட் ஆபீஸில் ஒரு லெட்டர் வாங்கி ஃபேக்ஸ் அனுப்பினால் கையெழுத்து என்றார் போர்மேன்.

அதுதான் முடியாது. அப்பாவை மீட்க ஓடிய சித்தப்பா அரிவாளால் வெட்டியதில் கரடி செத்துவிட்டது. ஊர் கூடிப் புதைத்துவிட்டார்கள். வெளியே தெரிந்தால் சித்தப்பா உள்ளே போக வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில்கூடக் கிணற்றுப் பாறையில் விழுந்தார் என்றே சொல்லியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிச் சீட்டை வரவழைத்துக் கொடுத்தோம்.

"லெட்டர்ல கரடி, சீட்டுல கிணறு. ஏம்ப்பா, கரடி கிணத்துக்குள்ளயா இருந்துச்சு? கலாஸ், முடிஞ்சுபோச்சு, டூட்டிக்குப் போ."

முதலிலேயே ரோட்டில் அடிபட்டார் என்று நான் எழுதியிருந்தால் கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட் அன்றைக்கே அவன் கைக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் பொய்யாகவே தெரிந்தது.

ஒன்பதாம் நாள் அப்பா இறந்த செய்தி வந்தது. லீவ் ஃபாரத்தைப் போர்மேனே ரூமுக்கு எடுத்து வந்தார். "யல்லா, இன்னைக்கே கெளம்புப்பா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அப்பாவ எரிச்சாச்சு சார்" என்று அதைத் திருப்பிக் கொடுத்தான் அவன். போர்மேன் ஃபாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் பேசிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இப்ப தண்ணி பாய்ச்ச அம்மாதான் போறாளாம், அண்ணாச்சி. தகரத்தத் தட்டிக்கிட்டே போறாளாம். அதுக்கும் கேஸு போடுவானுவளான்னு கேக்கா."

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.