பூமிநாதன் கேட்ட நாற்காலி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படியிருந்தும் ரங்கூனில் இரண்டு கடை, கொத்தமங்கலத்தில் இரண்டு கட்டு வீடு, எல்லாம் என் கையால் ஆனவை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அக்கரையில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் நேமத்தான்பட்டி பூமிநாதன்.

இடது கால் சூம்பிப் போனவர். ஊர் ஊராக நடந்து, இங்கிலீஷில் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். பன்னிரண்டு வருஷம் என் கடிதமெல்லாம் அவர் எழுத்துத்தான். மெட்ரிகுலேஷன் படித்தவர்கள் எழுதியதையும் வாங்கிப் பார்ப்பார். 'ஆல்தோ' போட்ட பிறகு 'பட்' எதற்கு, ஒன்று போதும் என்று அடித்துவிடுவார்.

1931-இல் ரங்கூனில் வெள்ளைக்காரர் அரிசி ஆலை ஒன்றில் கடிதம் எழுத ஆள் தேடினார்கள். ஆலைத் துரை எனக்குக் கடிதத்தில் பழக்கம். பூமிநாதன் சிபாரிசு கேட்டார்.

"இனிமே நடக்க முடியலை முதலாளி. நாற்காலியில உக்காந்து எழுதுற வேலை ஒண்ணு கிடைச்சாப் போதும்."

நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். ஆள் நாணயம், எழுத்து சுத்தம், ஆனால் கால் ஊனம் என்றேன். பேனா நின்றது.

"காலை முன்னாடி சொல்லிப்புடுவோம் முதலாளி. கால் ஊனம், ஆனா எழுத்து சுத்தம்னு. 'பட்'டுக்குப் பின்னாடி வர்றதுதான் துரைமாரு மனசுல நிக்கும்."

நான் விடவில்லை. எங்கள் கடைகளுக்கு ஆள் அனுப்பும்போது குறையைக் கடைசியில்தான் சொல்வேன். எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படி நான் அனுப்பிய ஆளை ஒருவரும் திருப்பியனுப்பியதில்லை.

"முப்பது வருஷமா ஆள் அனுப்புறவன் நான். எனக்கா சொல்லித் தர்றீரு?"

நான் சொன்னபடியே எழுதினார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. படிக்க அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"எழுத்து நல்லாத்தான் இருக்காம். ஆனா நொண்டி ஆளு வேண்டாம்னு எழுதியிருக்காக" என்றார், அரிசி விலை வாசிக்கும் அதே குரலில். பதில் போடாமல் விட்டால் மரியாதையில்லை என்று அவரே நன்றிக் கடிதம் எழுதி நீட்டினார். வரிக்கு வரி அர்த்தம் கேட்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். அன்று கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் திருக்கோஷ்டியூருக்கு மனு எழுத நடந்து போனவர், கண்மாய்க் கரையில் விழுந்து இறந்து கிடந்தார். காரியங்களை நானே முன்னின்று செய்தேன். நேமத்தான்பட்டியில் யாரும் அதுபோல் செய்ததில்லை.

என் வீட்டில் பர்மாத் தேக்கு நாற்காலிகள் பதினாறு. அந்தப் பன்னிரண்டு வருஷமும் பூமிநாதன் தரையில் உட்கார்ந்துதான் எழுதினார். ஒன்றிலாவது உட்காரும் என்று நான் சொன்னதில்லை.