ஒன்பது எண்ணுவதற்குள்

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே சர்வீஸ் மூன்று வருஷம்தான். ரிட்டயர் ஆன பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் உங்களில் பாதிப் பேர் நான் செய்த தப்பைச் செய்து முடித்திருப்பீர்கள்.

1. இருபது நிமிஷத்தில் ஒரு ரிப்போர்ட்

நெய்வேலி நகரியத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேப். சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனியுடையது. அதில் ரிஜிஸ்ட்ரேஷன் பக்கத்தை எழுதியவள் நான். ஒருநாள் காலை மேனேஜர் சுந்தரம் சார் போன் செய்தார்.

"ஏம்மா, நைட் ஷிஃப்ட் முடிச்சு மைன்ஸ்லேர்ந்து நேரா வெறும் வயித்தோட வந்து நிக்கிறாங்க. கியூ ரோடு வரைக்கும் போகுது. நேத்து ஒரு சுகர் பேஷண்ட் படியிலயே உக்காந்துட்டாரு. உங்க சிஸ்டம் ஸ்லோவா, எங்க ஆளு ஸ்லோவா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

நான் குடியிருப்பதும் இதே நகரியம். லேப் ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். ஆனால் போகவில்லை. வீட்டிலிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்தேன். மெமரி சரி. ஸ்லோ க்வெரி லாக், அதாவது மந்தமான தேடல்கள் தானாகப் பதிவாகும் கோப்பு, காலி. ஆனால் பக்கம் திறந்ததிலிருந்து டோக்கன் அடிப்பது வரை ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் போயிருந்தது. குறை டேட்டாபேஸில் இல்லையென்றால், தட்டுகிற கையில்தானே? "டேட்டாபேஸில் குறை இல்லை, தாமதம் ஆபரேட்டர் பக்கம்" என்று எழுதி அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் முடித்ததில் எனக்குப் பெருமைகூட.

2. கவுண்டருக்கு இந்தப் பக்கம்

அடுத்த வாரம் வியாழக்கிழமை, புது பார்கோட் பிரிண்டரைப் பொருத்த அந்த லேபுக்கே போனேன். கவுண்டரில் செல்வி அக்கா. பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர், கான்ட்ராக்ட் வேலை. பிரிண்டர் வயரை நான் இழுத்துக்கொண்டிருக்க, அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"நல்லா சொல்லிக் குடுத்துட்டுப் போ பாப்பா. எனக்கில்ல, திங்கக்கெழம வர்ற பொண்ணுக்கு. எனக்கு சனிக்கெழமயோட சரி."

"ஏன்க்கா?"

"கை ஸ்லோவாம். யாரோ சாஃப்ட்வேர்ல எழுதிக் குடுத்துட்டாங்களாம். எம் பொண்ணு பிளஸ் டூ படிக்கிற நேரத்துலயா எழுதுவாங்க?"

கையில் இருந்த வயரைக் கீழே வைத்தேன். எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துக்கறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வந்தவர் பேர் சொல்லவில்லை. "பிளாக் பதினாலு, நாப்பத்தேழு" என்றார். அக்கா அதைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. அதற்குள் அவர் டியூபில் லேபிள் ஒட்டி, மூடியைச் சரிபார்த்து, அடுத்த ஆளின் டாக்டர் சீட்டையும் வாங்கி வைத்துவிட்டார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒம்போது எண்றதுக்குள்ள வந்துடும். ஆனா அந்த வூட்ல அஞ்சு வருஷத்துல மூணு குடும்பம் மாறியிருக்கும். மூணும் வரும். இவுரு இல்லன்னா திரும்பத் தேடணும், திரும்ப ஒம்போது. நானும் எண்ணிக்கினுதான் இருக்கேன்."

ஒன்பது. எனக்கு உறைத்தது அங்கேதான். ஸ்லோ க்வெரி லாகில் நாமாக மாற்றாவிட்டால் வரம்பு பத்து விநாடி. அதற்குக் கீழே நடக்கும் எதையும் அது எழுதாது. லாக் காலியாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

"பேரை வச்சுத் தேடக் கூடாதாக்கா?"

"முருகன்னு தட்டிப் பாரு, கியூவுல பாதி வரும். போன் நம்பரும் மாத்திக்கினே இருக்காங்க. குவார்ட்டர்ஸ் நம்பரை மட்டும் எவனும் மறக்கமாட்டான்."

இதே ஊரில் வளர்ந்தவள் நான். என்னையும் பள்ளிக்கூடத்தில் பிளாக் நம்பரை வைத்துத்தான் கூப்பிட்டார்கள். அப்படியிருந்தும் பேருக்கும் போனுக்கும் மட்டும் இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் அகரவரிசைப் பட்டியல், போட்டுவிட்டு, முகவரியை ஒரே நீளப் பெட்டியாக விட்டிருந்தேன். அதற்குள் எங்கே இருந்தாலும் தேடு என்று க்வெரியில் முன்னும் பின்னும் % போட்டிருந்தேன். முன்னால் % போட்டால் இண்டெக்ஸ் உதவாது. சொல்லின் முதல் எழுத்து தெரியாமல் அகராதி பார்ப்பது மாதிரி. ஒவ்வொரு தேடலுக்கும் டேபிள் முழுக்கப் படிக்கும். என் லேப்டாப்பில் இருநூறு வரி வைத்துச் சோதித்தபோது கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. லேபில் இருந்ததோ லட்சக்கணக்கில்.

3. சனிக்கிழமைக்குள்

லாக் வரம்பை ஒரு விநாடியாகக் குறைத்தேன். அரை மணியில் கோப்பு நிரம்பி வழிந்தது. எல்லாம் என் க்வெரி.

அந்த நீளப் பெட்டியிலிருந்து பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர் என்று இரண்டு பெட்டிகளைத் தனியாகப் பிரித்தேன். ஜனங்கள் சொல்லும் அதே வரிசையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ். முகவரியை ஆளாளுக்கு ஒரு மாதிரி அடித்திருந்தார்கள். அந்தக் குழப்பத்தை வெள்ளிக்கிழமை கவுண்டர் மூடியதும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தீர்த்துவைத்தார். ஊரைவிட்டுப் போனவர்களின் பழைய நம்பரை நான் அழிக்கப் போனபோது கையைப் பிடித்தார்.

"அழிக்காத. இவுரு ரிட்டயராகி மேல்பட்டாம்பாக்கம் போயிட்டாரு. இன்னும் இங்கதான் வர்றாரு, இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்றாரு."

அழிக்கவில்லை. வட்டத்தைச் சுற்றவிட்டு அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்பது ஒன்பது விநாடிகளில் எவ்வளவு தெரிந்துவைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் டீம் லீடரிடம் சொன்னேன். "சரி பண்ணிட்டேல்ல, விடு. நம்ம தப்புன்னு எழுத்துல ஏன் குடுக்கிற?" என்றார். முதல் ரிப்போர்ட்டும் எழுத்தில்தான் போயிருக்கிறது என்றேன். அதை எடுத்துப் படித்துப் பார்த்தார். பிறகு, "சுருக்கமா எழுது" என்றார்.

சனிக்கிழமை காலை செல்வி அக்கா எதிரிலேயே புது ரிப்போர்ட்டைச் சுந்தரம் சாரிடம் கொடுத்தேன்.

"அப்ப போன வாரம் எழுதினது?"

"தப்பு சார். கவுண்டரைப் பாக்காமயே எழுதினேன். க்வெரிதான் ஸ்லோ, இவங்க இல்ல."

அவர் கவுண்டர் ஓரத்தில் நின்று பத்துப் பன்னிரண்டு பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். கியூ படியைத் தாண்டவில்லை. "திங்கக்கிழமை நீங்களே வந்துடுங்க செல்வி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா அடுத்த டோக்கனை அடித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதானா அது?"

"ஆமாக்கா."

"அன்னிக்கே பக்கத்துல வந்து உக்காந்திருந்தா ஒரு வாரம் தூங்கியிருப்பேன்ல?"

பத்து நிமிஷத் தூரம்தான். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் லாகைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் கவுண்டரில் உட்காருகிறேன், அவ்வளவுதான்.

கூட்டம் குறைந்ததும், "உங்க வூடு எது?" என்று கேட்டார். பிளாக்கையும் நம்பரையும் சொன்னேன். தட்டினார். விரல் எடுப்பதற்குள் அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் திரையில் வரிசையாக நின்றோம்.

"பாரு, எண்ணவே வுடல. அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டீங்க" என்று சொல்லி, அடுத்த டியூபை எடுத்தார்.